இலையில் அவியலைக் கண்டால் தொண்டை அடைக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 27 வயது, ஊர் மதுரை. சின்ன வயதிலிருந்தே இட்லி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், முட்டை, இவ்வளவுதான் என் சாப்பாடு. கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. மனைவிக்கு நாகர்கோவில். விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் அவியல். பார்த்ததுமே தொண்டை அடைத்துக் குமட்டுகிறது. "ஒரு வாய்தானே மாப்ளே" என்று எல்லோரும் பார்க்க, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி எழுந்துவிடுகிறேன். இது மாறுமா?

அன்புள்ள நண்பருக்கு,

மாறும். ஆனால் பந்தியில் உட்கார்ந்து மாறாது. எழுந்து வந்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் பயத்துக்குத் தீனி. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் குமட்டும். இது அடமோ கொழுப்போ இல்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டில் 'ஆர்ஃபிட்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். அதை மருத்துவ உளவியலாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின், பி12 பரிசோதித்துவிடுங்கள். விழுங்கும்போது நிஜமாகவே சிக்கினாலோ, உதடு வீங்கினாலோ முதலில் மருத்துவர்.

சிகிச்சை, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுவதிலிருந்து தொடங்கும். உருளை வறுவல் இருக்கிறதே! அதே அளவுத் துண்டு, அதே மிளகாய்த்தூள், அதே மொறுமொறுப்பில் வாழைக்காய். பழகியபின் சேனை. அப்புறம் வறுக்காமல் வேகவைத்த வாழைக்காயில் கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டு. அவியலுக்குப் பாதி வழி வந்தாயிற்று. முருங்கைக்காய், கத்திரிக்காய் போன்ற வழவழப்பெல்லாம் கடைசியில். அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

தினம் 10 நிமிடம், சாப்பாட்டு வேளைக்கு வெளியே. துண்டைப் பார்த்து, முகர்ந்து, தொட்டு, வாய்விட்டு விவரியுங்கள். "நல்லா இல்லை" என்பது விவரம் ஆகாது. "ஓரம் பொன்னிறம், நடுவில் மாவு மாதிரி" என்பது விவரம். பிறகு உதட்டில், நாக்கு நுனியில், பட்டாணி அளவு மென்று துப்பலாம், கடைசியில் விழுங்குவது. பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 7-ல் எழுந்தால் பழைய கதைதான். 3, 4-க்கு இறங்கும்வரை அதே படி. ஒரே பண்டத்துக்கு 10, 15 தடவைகூட ஆகும். பலர் மூன்றாம் நாளே "பிடிக்கலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றி மாத்திரை மாதிரி விழுங்காதீர்கள். ருசியே படாமல் உள்ளே போனால் நாக்குக்கு என்ன பழகும்?

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், "ஒரு வாய்" வற்புறுத்தலை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த விருந்தில் இலை ஓரத்தில் ஒரு கரண்டி அவியல் வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட வேண்டாம். அது அங்கேயே இருக்க, நீங்கள் எழுந்திருக்காமல் தயிர் சாதத்தை முடியுங்கள்.