கதையைவிடக் கடிதம் நன்றாக இருக்கிறது

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். பத்திரிகைகளுக்கு அனுப்பிய சிறுகதைகள் எதுவும் வெளிவரவில்லை. மூட்டைக் கணக்கிலேயே பொழுது போகிறது. ஈரம் 19 என்று கருவி காட்டினால், விவசாயி கருவியைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார். இந்த இரைச்சலில் எழுத மனம் எங்கே கூடும்? எழுத்தாளராக வழி சொல்லுங்கள். ஒரு கதையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, கதையையும் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தேன். கடிதம்தான் நன்றாக இருக்கிறது. விவசாயி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். கருவியிடம் கெஞ்ச முடியாது, உங்களிடம் கெஞ்சிப் பார்க்கலாம்.

இதே விவசாயி உங்கள் கதைக்குள் வந்ததும் வானத்தைப் பார்த்து, உழவனின் விதியை நொந்து கண்ணீர் வடிக்கிறார். நிலைய வாசலில் அப்படி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நெல்லைத் திரும்ப அள்ளிப் போய் ரோட்டில் பரப்புவார். மழை இருட்டினால் தார்ப்பாய்க்கு ஓடுவார். ராத்திரி மூட்டைக்குப் பக்கத்திலேயே முடங்குவார். நடுவில் யாரையாவது திட்டுவார்; அது நீங்களாகவும் இருக்கலாம். என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதுங்கள், அழுகையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறது, மறுநாள் காலையில் உங்கள் கதாநாயகனின் கடைமடை வயலில் தண்ணீர் புரள்கிறது. கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகுமே! கடைமடைக்காரர் யாராவது படித்தால் அந்த இடத்திலேயே பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பேனாவை எடுத்ததும் சொந்த ஊர் மறந்து, எங்கோ படித்த ஊர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. புதிதாக எழுத வருகிற பலருக்கும் இருக்கிற வியாதிதான் இது. கதை முடிந்ததும் உங்கள் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கிற இடங்களில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நகைச்சுவைக்குச் சிரித்தாரா, பொய்க்குச் சிரித்தாரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் ஒன்றரைப் பக்கம் காவிரி வர்ணனை. தாராளமாக வெட்டலாம். கதை உண்மையில் தொடங்குவது, 40 கிலோ மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லியும் ஒருவர் கைகொடுக்காமல் நிற்கிறாரே, அங்கே.

மனம் கூடுவதற்காகக் காத்திருந்தால் ஓய்வு பெறும் வரை கூடாது. சம்பா கொள்முதல் நேரத்தில் கதை எழுத முயலவே வேண்டாம், தூக்கம்தான் கெடும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும். கேட்ட பேச்சைக் கேட்டபடியே ஒரு வரி குறித்து வையுங்கள். (பட்டியல் புத்தகத்தின் பின்பக்கத்தில் வேண்டாம், கணக்குத் தணிக்கை வரும்.) சீசன் முடிந்த மாதங்களில் கதையை எழுதலாம். எழுதியதைப் பத்து நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு திருத்துங்கள். பாதியில் நிற்கிற கதைகள் நிறைய வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். புதிதாகத் தொடங்கும் முன் அவற்றில் ஒன்றையாவது முடியுங்கள்.

வேலையில் இருக்கிறவர் நீங்கள். ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றினால் போதாது. கிராமத்தில் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக்குங்கள்.

ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பாதீர்கள். பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். இணைத்த கதையை வெட்டித் திருத்தி எனக்கே அனுப்பலாம். அவசரமில்லை, கொள்முதல் முடியட்டும்.