ரவுடிக்கு என்ன மனித உரிமை?

கேள்வி: கொடூரமான குற்றவாளியை போலீஸ் என்கவுன்ட்டரில் சுட்டால் உடனே மனித உரிமை என்று கொடி பிடிக்கிறார்களே, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உரிமை கிடையாதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கண்டிப்பாக உண்டு. உங்கள் கோபமும் புரிகிறது. ஆனால் 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவிக் கொண்டாடினார்களே, அதை உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்துவிட்டு 2022-இல் என்ன சொன்னது தெரியுமா? கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், அதுவும் நால்வரில் மூவர் அப்போது 18 வயதுகூட நிரம்பாதவர்கள் என்றது. அவர்கள்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொல்லப் போவதில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது நியாயமா, வெறும் கைதட்டலா?

அப்புறம், கைதட்டி வளர்த்த லத்தி ரவுடி முதுகைத்தான் தேடிப் போகும் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அடிபட்டுச் செத்த அப்பாவும் மகனும் செல்போன் கடைக்காரர்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் மேல் சொல்லப்பட்ட புகார்.