ஜெர்ரி ரைஸும் ஒரு மைதானத்தின் பெயரும்

மதிப்பிற்குரிய ஐயா,

கலிபோர்னியாவில் சன்னிவேலில் வசிக்கிறேன். என் பத்து வயது மகனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் பித்து. ஜெர்ரி ரைஸின் பழைய ஆட்டங்களை யூடியூபில் ஓயாமல் பார்க்கிறான். எனக்கு ஒரு நெருடல். எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்களில் இவ்வளவு பெரியவர், ஓய்வுக்குப் பிறகு டிவி நடனப் போட்டியிலும் விளம்பரங்களிலும் வந்து நிற்கிறார். கையுறையில் பசை தடவி ஆடியதாக அவரே சொல்லியிருக்கிறார். எல்லாமே கார்ப்பரேட் பணம் என்றாகிவிட்ட விளையாட்டில், இப்படி ஒருவரை மகனுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா?

ச., சன்னிவேல்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. நீங்கள் கேட்டிருக்கும் கார்ப்பரேட் பணம் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பசை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ரைஸ் ஆட வருவதற்கு முன்பே, 1981-லேயே, அது தடை செய்யப்பட்டுவிட்டது. தடவியதை 2015-ல் டிவியில் அவரே சொன்னார். அது தப்பு. மகனிடம் தப்பு என்றே சொல்லுங்கள். ஆனால் ஆடிய காலம் முழுக்கப் பிடித்த 1,549 பந்துகளையும் பசையை வைத்துப் பிடித்துவிட முடியாது. நடனப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். ஆடிவிட்டுப் போகட்டும், அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

'விளம்பரங்களில் வந்து நிற்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். நீங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கிறவர். உங்கள் திறமையை ஒரு கம்பெனிக்கு மாதச் சம்பளத்துக்கு விற்கிறீர்கள், அதைத் தவறென்று யாரும் சொல்வதில்லை. மிசிசிப்பியில் கிராஃபோர்டு என்ற சின்ன ஊரில் கொத்தனார் மகனாக வளர்ந்தவர் தன் முகத்தை விற்றால் மட்டும் உறுத்துகிறதா? கோடை வெயிலில் அப்பாவோடு சித்தாள் வேலை பார்த்தவர் அவர். அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து செங்கல்லை வீசுவார்கள், இவர் சாரத்தின் மேல் நின்று பிடிப்பார். ஒன்று தவறினாலும் யார் காலிலாவது விழும். பள்ளியில் வகுப்பை ஏமாற்றிவிட்டுத் திரிந்தபோது துணைத் தலைமையாசிரியர் கண்ணில் பட்டு ஓட்டம் எடுத்தார். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் அவரைக் கால்பந்து அணியில் சேர்த்தார்கள்.

படித்தது இட்டா பீனாவில், மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கறுப்பினப் பல்கலைக்கழகத்தில். 1984-ல் ஹூஸ்டனில் ஓட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் பில் வால்ஷ் கண்ணில் பட்டார். அடுத்த ஆண்டு வால்ஷின் அணியான சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அவரை எடுத்தது. முதல் பருவத்தில் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். சொந்த அணியின் ரசிகர்களே ஊளையிட்டார்கள். அப்புறம் நடந்ததை உங்கள் மகனே உங்களுக்குச் சொல்வான். பயிற்சியில் பிடிக்கிற ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கோடு வரை ஓடிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவார். மற்றவர்கள் பிடித்ததும் திரும்பிவிடுவார்கள். பந்தைப் பிடித்து மொத்தம் 22,895 கெஜம் முன்னேறிய சாதனை அப்படி வந்தது. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 17,492-ல் நின்றுவிட்டார்.

1989 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் 215 கெஜம் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆனாலும் தனக்குரிய கவனம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அன்று அவரைப் பேராசைக்காரர் என்றவர்கள் உண்டு. எனக்கு அதில் நியாயம்தான் தெரிகிறது. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் முகம்தான் விலை போகும், ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் பின்னால் நிற்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம்.

குவார்ட்டர்பேக்குக்கும் முழு உரிமை கிடையாது. 2014-ல் இதே அணியின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக், ஆட்டம் முடிந்து நிருபர்களைச் சந்திக்கும்போது பீட்ஸ் கம்பெனியின் ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டிருந்தார். ஆனால் போட்டிகளை நடத்தும் லீக்குக்குப் பணம் கொடுத்தது போஸ் என்ற வேறு கம்பெனி. பத்தாயிரம் டாலர் அபராதம். கழுத்து அவருடையது, அதில் எந்தக் கம்பெனியின் பெயர் தொங்கலாம் என்று சொல்வது லீக்.

கார்ப்பரேட் பணத்தின் மேல் கோபப்பட வேண்டும் என்றால், ச., கோபப்படுங்கள். ஆனால் இடம் பார்த்துக் கோபப்படுங்கள். ஆட்டக்காரன் விற்பது அவன் உடம்பை, அவன் பெயரை. அது அவனுக்குச் சொந்தம். ஊரின் பெயரை விற்பதற்கு எவனுக்கு உரிமை?

ரைஸ் ஆடிய மைதானம் கேண்டில்ஸ்டிக் பார்க். விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையின் பெயர் அது. மைதானம் நகரத்தின் சொத்து. 1995-ல் அதன் பெயரை த்ரீகாம் என்ற கணினிக் கருவிக் கம்பெனிக்கு விற்றார்கள். நான் தொண்ணூறுகளின் கடைசியில் சான் ஹோசேயில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவர் ஒருவர், மைதானத்துக்குப் பக்கத்துப் பேட்டையான பேவியூவில் பிறந்து வளர்ந்தவர், என்னை ஒரு டிசம்பர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஊசியாகக் குத்துகிற கடல்காற்று. ஒரு காகிதக் கோப்பை எங்கள் முன்னால் சுற்றிச் சுற்றி வந்தது, கீழே விழவே இல்லை. இந்தக் காற்றில் பந்தைப் பிடிக்கிறான் பார் என்று ரைஸைக் காட்டினார். டிக்கெட்டில் த்ரீகாம், வாசலில் த்ரீகாம். அவர் வாயில் மட்டும் அந்தப் பெயர் வரவே இல்லை. 'த ஸ்டிக்' என்றுதான் சொல்வார். அவர் அப்பாவும் அப்படித்தான் சொல்வாராம்.

2004-ல் மான்ஸ்டர் கேபிள் என்ற கம்பெனிக்கு மறுபடி விற்றார்கள். நகரத்துக்கும் ஒரு பங்கு வருகிறதே, பூங்காக்களுக்கு ஆகுமே என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நவம்பரிலேயே அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து, ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பெயரே திரும்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2008-ல் பெயர் திரும்பியது. வரி கட்டுகிற சாதாரண ஜனங்கள், ஒரு பெயருக்காக வரிசையில் நின்று வாக்குப் போட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. த்ரீகாம் கம்பெனியோ 2010-ல் ஹெச்பியிடம் விலைபோய் மறைந்தது.

அந்த மைதானத்தை 2015-ல் இடித்துவிட்டார்கள். அணி உங்கள் பக்கத்து ஊரான சாண்டா கிளாராவுக்கு வந்தது; அங்கே கட்டிய புது அரங்கம் பிறக்கும்போதே லீவைஸ் என்ற ஜீன்ஸ் கம்பெனியின் பெயரைச் சூடிக்கொண்டது. முதல் ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு 22 கோடி டாலர். 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா அதே அரங்கத்துக்கு வைத்த பெயரில் லீவைஸ் இல்லை, தங்கள் புரவலர் அல்லாத கம்பெனியின் பெயர் கூடாதாம். ஆக, பெரிய கம்பெனி வந்தால் சின்னக் கம்பெனியின் பெயரை எடுக்கலாம், ஊர்க்காரன் கேட்டால் மட்டும் ஒப்பந்தம் இருக்கிறது என்பார்கள். உங்களுக்கு நெருட வேண்டியது இதுதான், ரைஸின் விளம்பரம் இல்லை.

மகனுக்கு அவரைக் காட்டலாமா என்றீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். ரெட்வுட் சிட்டி பக்கம் எட்ஜ்வுட் பூங்கா இருக்கிறது. பருவம் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாதங்களில் ரைஸ் ஓடிப் பழகிய மலைப்பாதை அங்கேதான், சுமார் இரண்டரை மைல் ஏற்றம். உங்கள் வீட்டிலிருந்து காரில் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்