முடிக்காத படத்தைக் காட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பென்சிலில் ஓவியம் வரைபவள். சுற்றியிருப்பவர்களில் ஓவிய ஆர்வம் உள்ளவர் எவரும் இல்லாததால் சமூக ஊடகத்தில் பதிவிடத் தொடங்கினேன். முகம் தெரியாத சிலர் நண்பர்களானார்கள். அண்மையில் நான் வரைந்த ஒரு நடிகரின் முகத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் லைக்குகள் வந்தன. பல வாரம் உழைத்து வரைந்த கைகளின் வரிசைக்கு இருபதுகூடத் தேறவில்லை. அதில் ஒரு கையின் மேல் மட்டும் யாரோ ஒருவர் சிவப்புக் கோடு போட்டுத் திருத்தி அனுப்பியிருந்தார். இப்போது எதை வரைய உட்கார்ந்தாலும், இது எடுபடுமா என்ற எண்ணமே முதலில் வருகிறது. எல்லாம் மாயை, வெளியேறிவிடு என்கிறார் அண்ணன். வெளியேறத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது அந்தச் சிவப்புக் கோடு. நீங்களோ அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். ஒருவர் உங்கள் படத்தைத் தரவிறக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்கை வைத்து, மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, கட்டைவிரல் எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று பொறுமையாக வரைந்து காட்டியிருக்கிறார். உங்கள் அண்ணன் மாயை என்பது இதையும் சேர்த்துத்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

லைக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேஸ்புக்கில் அந்தப் பொத்தான் வந்ததே 2009இல்தான். இன்ஸ்டாகிராம் 2016இல் கால வரிசையைக் கைவிட்டு, யார் கண்ணில் எது முதலில் பட வேண்டும் என்பதை அல்காரிதமே முடிவுசெய்யும் முறைக்கு மாறியது. தெரிந்த முகம் மேலே வருவதும் பெயரற்ற கைகள் அடியில் தங்கிவிடுவதும் உங்கள் கோட்டின் தரத்துக்கான தீர்ப்பாகாது. பலருக்கு அந்தக் கைகள் கண்ணிலேயே பட்டிருக்காது.

அந்தத் திருத்தம் அந்நியர் ஒருவரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், வேலை மாறியவர்களிடம் பேசி, 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் பலருக்குப் புதிய வேலை பற்றிய செய்தி, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே கிடைத்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அவர் கலையைப் பற்றிப் பேசவில்லை. கலைக்கும் இது பொருந்தும் என்பது என் கணிப்பு.

ஆனால் அந்நியர் ஒருவர் உள்ளே வர, படைப்பில் அவருக்கு இடம் இருக்க வேண்டும். 2009இல் கணிதவியலாளர் டிமத்தி கோவர்ஸ், ஏற்கெனவே கடினமான வழியில் நிறுவப்பட்டிருந்த ஒரு தேற்றத்துக்கு எளிய நிறுவல் தேடி, இணையத்தில் எவரும் சேர்ந்துகொள்ளலாம் என்று அழைத்தார். தனியே போய் நெடுநேரம் உழைத்து முழுமையாக்கிக்கொண்டு வர வேண்டாம், தோன்றும் சிறு எண்ணத்தை, அது அரைகுறையாக இருந்தாலும், அப்படியே முன்வைக்கலாம் என்பது அந்தக் கூட்டு முயற்சியின் விதிகளுள் ஒன்று. பெயர்பெற்ற கணித மேதைகள் எல்லோர் முன்னும் தவறாக யோசித்தார்கள், திருத்தப்பட்டார்கள். சில வாரங்களிலேயே வழி தெளிந்தது, முடிவு டி.எச்.ஜே. பாலிமத் என்ற கூட்டுப் புனைபெயரில் வெளியானது.

நீங்கள் பதிவிடுவதெல்லாம் முடித்த படங்கள்தான் என்று ஊகிக்கிறேன். முடித்த படத்தைப் பார்ப்பவர் பாராட்டலாம் அல்லது கடந்து போகலாம், வேறொன்றும் செய்ய அவருக்கு வழியில்லை. அடிக்கோடுகள் அழியாத, ஒரு விரல் தப்பாகப் போன படத்தைப் போட்டு, "இந்த விரல் ஏன் ஒட்டவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். லைக்குகள் இன்னும் குறையும். பேச்சு வளரும். கேளாமலே திருத்த வருபவர்களில் தம் மேதைமையைக் காட்ட வருபவர்களும் உண்டு. அவர்கள் சொன்னபடி வரைந்ததில் அடுத்த கை மேம்பட்டதா என்பதைக் கொண்டே அவர்களை எடைபோடுங்கள்.

தேறுகிற நான்கைந்து பேரோடு தனியாக ஒரு சிறு குழு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பேசலாம். எடுபடுமா என்ற எண்ணம் அங்கும் வரும். ஆனால் பென்சிலை எடுக்கும்போதே முதல் ஆளாக வந்து நிற்காது.

அன்புடன்