ஏழு பேர், மாதம் ஒரு நாவல்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படித்துப் பேச ஆரம்பித்திருக்கிறோம். முதல் மாதம் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. மூன்று பேர்தான் முடித்தோம். கூட்டத்தில் ஒருவர் கதைச்சுருக்கம் சொன்னார், மற்றவர்கள் ‘அருமை’ என்றார்கள், அதோடு கலைந்துவிட்டோம். எதில் தொடங்கியிருக்க வேண்டும்? எப்படிப் பேசுவது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

‘மோகமுள்’ளை முதல் மாதமே எடுத்ததுதான் சிக்கல். அறுநூறு பக்கத்தைத் தாண்டும் நாவல் அது. வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு இருபது பக்கம், வாரத்தில் ஐந்து நாள் படித்தால் மாதம் நானூறு பக்கம்தான் ஆகும். போதாததற்கு, நாயகன் பாபு, ரங்கண்ணா என்ற குருவிடம் பாட்டுக் கற்கும் பகுதியில் சங்கீதப் பழக்கம் இல்லாதவர்கள் தேங்கிவிடுவார்கள். பாபு மோகம் கொண்டிருக்கும் யமுனா எப்போது வருவாள் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். குழு நன்றாகப் பழகிய பிறகு இரண்டு மாதமாகப் பிரித்துப் படியுங்கள், கூடவே கொஞ்சம் கர்நாடக இசையும் கேளுங்கள்.

இப்போதைக்கு சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கதை நடப்பது ஒரு பிற்பகல் ஜல்லிக்கட்டில். பேச்சுவழக்கு முதலில் தடுக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடினால் வேகம் செத்துவிடும். முதல் சில பக்கங்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். காது பழகிவிட்டால் கண் தடுமாறாது. பேச வேண்டிய கேள்வியும் தயாராகவே இருக்கிறது: மோதல் மாடுபிடிக்க வந்த பிச்சிக்கும் காரி என்ற காளைக்குமா, பிச்சிக்கும் ஜமீன்தாருக்குமா?

அடுத்து பூமணியின் ‘வெக்கை’, 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் செய்த கொலைக்குப் பிறகு அப்பாவும் மகனும் தலைமறைவாக அலையும் நாட்கள். இதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ பார்த்தவர்கள் படத்தை நினைத்துக்கொண்டு சண்டையைத் தேடுவார்கள். நாவலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளிந்திருக்கும் இருவரும் எதைச் சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1977. என் மனதுக்கு மிக நெருக்கமான நாவல். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று பாதியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. பின்னணி தெரியாததுதான் காரணம். நிஜாமின் ஹைதராபாத் 1947இல் இந்தியாவோடு சேரவில்லை; நிஜாம் பக்கம் நின்ற ஆயுதக் கும்பலான ரஜாக்கர்களின் ஆட்டம்; 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. இதை அரைப் பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் நாயகன் சந்திரசேகரனின் கிரிக்கெட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே பயம் எப்படிக் கசிந்து வருகிறது என்று தெரியும். கடைசி அத்தியாயத்தைப் பற்றி யாரும் முன்னாலேயே வாய்திறக்கக் கூடாது.

கூட்டத்தில் கதைச்சுருக்கமே வேண்டாம். எல்லோரும் படித்ததைத் திரும்பச் சொல்வதில் அரைமணி போய்விடும். ஆளுக்குப் பத்து வரி தேர்ந்தெடுத்து வந்து வாசிக்கட்டும், ஏன் அந்த இடம் என்று ஐந்து நிமிடம் சொல்லட்டும். ஏழு பேருக்கு முப்பத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு விவாதம். நாவலைப் பரிந்துரைத்தவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் புகழ்ந்துவிட்டால் பிடிக்காதவர் வாயைத் திறக்கமாட்டார். முடிக்காதவரும் வரட்டும். எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதே நல்ல விவாதப் பொருள். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்த அத்தியாயத்தைச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

சமீபத்தில் படித்ததைப் பரிந்துரைக்கக் கடைசிப் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம். கதை எங்கே, எப்போது நடக்கிறது, அதை யார் சொல்கிறார், எப்படிப்பட்ட வாசகருக்கு ஒத்துவராது என்று சொன்னால் போதும். கடைசி விவரம்தான் மிகப் பயன்படும்.

அறிவிக்கும் முன் புத்தகம் அச்சில் இருக்கிறதா என்று பதிப்பகத்தில் கேட்டுவிடுங்கள். ஒரே நாவலுக்குப் பல பதிப்புகள் உண்டு, பக்க எண் பொருந்தாது. இடம் குறிப்பிடும்போது அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் சொற்களையும் சொல்லுங்கள்.