மூன்று வாசிப்பும் முடிந்த மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா எப்படிக் காலாவதியானது?

அது மாநிலங்களவையில் மட்டும்தான் மூன்று வாசிப்பை, அதாவது மூன்று கட்டங்களைத் தாண்டியது. மக்களவையில் மறுபடி முதலிலிருந்து மூன்று வாசிப்பு உண்டு. அது முடியும் முன்பே 2014-இல் மக்களவை கலைந்ததால் மசோதா காலாவதியானது.

"அப்படியானால் 2009-இல் மக்களவை கலைந்தபோது ஏன் பிழைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. 2008-இல் அது மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிலுவையில் இருந்தது. அந்த அவை கலைவதே இல்லை. 2010 மார்ச் 9 அன்று நிறைவேறி மக்களவைக்குப் போனதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அரசியலமைப்பின் 107-வது பிரிவைப் படியுங்கள், தெளிவாக இருக்கும்.

'வாசிப்பு' என்ற சொல்தான் குழப்புகிறது என்று நினைக்கிறேன். யாரும் மசோதாவை முழுதாக வாசிப்பதில்லை. முதல் வாசிப்பு என்பது அறிமுகம். உண்மையான வேலை இரண்டாவதில்: பொது விவாதம், தேவைப்பட்டால் குழு, அப்புறம் மசோதாவின் ஒவ்வொரு பிரிவாக வாக்கெடுப்பு. அதில் இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்குவார்கள். மசோதாவின் பெயரைச் சொல்லும் முதல் பிரிவு கடைசியில்தான் வரும். மூன்றாவது, மொத்தமாக ஏற்பதா வேண்டாமா என்பது.

இனி எந்த மசோதாவைப் பார்த்தாலும் இரண்டைச் சரிபாருங்கள்: எந்த அவையில் அறிமுகமானது, இப்போது எந்த அவையில் நிற்கிறது. மக்களவை கலையும்போது அங்கே நின்றாலோ, அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் நின்றாலோ காலாவதிதான்.

ஒன்று மட்டும்: கூட்டத்தொடர் முடிவது வேறு, அவை கலைவது வேறு. தொடர் முடிந்தால் எந்த மசோதாவும் காலாவதியாகாது. அதேபோல, இரு அவைகளும் சேர்ந்து அமரும் கூட்டுக் கூட்டத்துக்கு அழைக்கப்போவதாகக் குடியரசுத் தலைவர் ஏற்கெனவே அறிவித்திருந்தால், மக்களவை கலைந்தாலும் அந்த மசோதா உயிரோடு இருக்கும்.