பல்கலைக்கழக ஊழியர்கள் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேச முடியுமா?

அவுஸ்திரேலியாவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஊழியர்களோடு பேசி ஒப்பந்தம் செய்கிறது, ஊழியர்கள் வாக்களித்து அதை ஏற்கிறார்கள். இலங்கையில், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஏன் அப்படி நடப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லாற்றில் இருந்து எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் கல்விசாரா ஊழியனாக இருந்தேன், சில வருடங்கள் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அவுஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வழி வகுக்கிறது. சம்பளம், விடுமுறை, வேலைப்பளு எல்லாம் ஒரே ஆவணத்தில் வரும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் ஏற்றபின் ஆணைக்குழு ஒன்று அதை அங்கீகரிக்கும். கூடிய காலம் 4 ஆண்டு. மேசையில் எதிரே இருப்பவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டித்தர அதிகாரம் உண்டு என்பதுதான் அங்கே முக்கியமான விடயம்.

இங்கே அந்த அதிகாரம் மேசைக்கு எதிரே இல்லை. நமது பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சம்பளத் திட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றுநிருபமாக வரும், காசு திறைசேரியில் இருந்து வரும். உபவேந்தர் மனம் வைத்தாலும் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்ட முடியாது. அதனால் சம்பளப் பேச்சு கொழும்பில்தான் நடக்கும், நாடு முழுவதும் உள்ள சங்கங்கள் சேர்ந்துதான் பேச வேண்டும். 2012இல் விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய போராட்டமும், 2024 மே 2ஆம் திகதி தொடங்கி இரண்டு மாதங்களைத் தாண்டிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தமும் அப்படி நடந்தவைதான்.

ஆனால் உள்ளூரில் பேச ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடமை நேரம், இரவுக் கடமைச் சுழற்சி, மேலதிக நேர வேலையைப் பங்கிடும் முறை, போக்குவரத்து, விடுதி ஒதுக்கீடு, பதவியுயர்வு நேர்முகத்தை இழுத்தடிக்காமல் நடத்துவது ஆகிய எல்லாம் நிறுவனத்தின் கையில் இருப்பவை. நாங்கள் முதலில் செய்த பிழை, கோரிக்கைப் பட்டியலின் தலையில் சம்பளத்தைப் போட்டது. “அது எங்கள் அதிகாரத்தில் இல்லை” என்ற ஒரு வரியோடு முதல் கூட்டம் முடிந்துவிட்டது. மீதி ஒன்பது கோரிக்கைகளை யாரும் வாசிக்கவே இல்லை.

இரண்டாம் முறை நூலக ஊழியர்களின் இரவுப் பயணத்தை முதலில் வைத்தோம். இரவு 8 மணிக்கு நூலகம் பூட்டியபின் பெண் ஊழியர்கள் பிரதான வீதியில் நின்று, எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மார்கழி மழையில் ஒரு குடைக்குள் மூன்று பேர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பதிவாளர் பொறுமையாகக் கேட்டார், வருத்தமும் தெரிவித்தார். நாங்கள் மகிழ்ச்சியோடு வெளியே வந்தோம். இரண்டு வாரம் கழித்துக் கூட்டறிக்கை வந்தது. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கோரிக்கை கவனத்திற் கொள்ளப்பட்டது. ஆவன செய்யப்படும்.”

இந்த இரண்டு வசனங்களைக் கண்டால் விழித்துக்கொள்ளுங்கள். யார் செய்வார், எப்போது செய்வார் என்பது அதில் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், “கவனத்தில்தானே இருக்கிறது” என்று பதில் வரும். எங்களுக்கு அதுதான் வந்தது.

மூன்றாம் கூட்டத்துக்கு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு போனோம். ஒரு பக்கம் கோரிக்கை, அடுத்து பொறுப்பான அலுவலர், அடுத்து திகதி, கடைசியில் இரு தரப்பும் கையொப்பமிட இடம். முடிவு சொன்ன அந்த நிமிடமே எழுதினோம். எல்லோரும் எழும்புவதற்கு முன் கையொப்பம் வாங்கினோம். ஏற்காத கோரிக்கைகளையும் “ஏற்கவில்லை” என்று காரணத்தோடு எழுதச் சொன்னோம். அதற்குத்தான் நிர்வாகம் மிகவும் தயங்கியது, நாங்கள் விடவில்லை. காரணம் எழுத்தில் இருந்தால் தான் அதே கோரிக்கையோடு நிறுவனத்தை ஆளும் பேரவைக்கோ மானியங்கள் ஆணைக்குழுவுக்கோ போக முடியும்.

இன்னொன்று, தமிழ்ப் பிரதி கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. எங்கள் சங்கத்தில் தோட்ட வேலை செய்பவரும் இருந்தார், ஆய்வுகூட உதவியாளரும் இருந்தார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தாப் புத்தகத்தில் இருந்தோம். ஆங்கிலத்தில் வந்த முதல் அறிக்கையை அவர்களில் பாதிப்பேருக்கு நான் வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தன் வேலை நேரத்தைப் பற்றிய தாளை ஒருவர் தானே வாசிக்க முடியாமல் இருப்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விடயம்.

சட்டப்படி இந்தத் தாளுக்கு அவுஸ்திரேலிய ஒப்பந்தத்தின் பலம் கிடையாது. மலையகத் தோட்டங்களில் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தோடும் இதை ஒப்பிட முடியாது. என்றாலும் அந்தத் தாளில் குறித்த திங்கட்கிழமை நிறுவன வாகனம் இரவு 8.15க்கு நூலக வாசலில் வந்து நின்றது, முதல் நாள் களுவாஞ்சிகுடி வரை ஐந்து பேர் போனார்கள். அமைய (தற்காலிக) ஊழியர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கைக்கு எதிரே மட்டும் “ஏற்கவில்லை, ஆளணி அனுமதி இல்லை” என்று, அதாவது நிரந்தரப் பதவிகளுக்கு மேலிடத்து அனுமதி இல்லை என்று, இருந்தது. எனக்குப் பின் வந்த செயலாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் கொழும்புக் கூட்டத்துக்குப் பஸ் ஏறினார்.